ஒரே மெத்தை, இரண்டு ஷிப்ட்

காசிலிங்கத்தின் தொடையில் முதல் கொப்புளம்
மார்ச் மாதம் வந்தது.
திராட்சைப் பருமன், தெளிந்த நீர்,
அழுத்தினாலும் உடையாத இறுக்கம்.
அடுத்த வாரம் வயிற்றில் நான்கு
முன்கையில் ஏழு.

வயது அறுபத்து மூன்று.
தஞ்சோங் தொக்கோங்கில்
கடல் பார்த்த அடுக்குமாடிக்கு இரவுக் காவல்.

"ராத்திரியில் அரிப்பு அதிகமா?"
"இல்லீங்க டாக்டர். பகல்லதான்."
இல்லை என்று எழுதிக்கொண்டேன்.
அவர் பகலில் தூங்குகிறவர் என்பது
அதே பக்கத்தில், இரண்டு வரி மேலே,
என் கையெழுத்திலேயே இருந்தது.

தோலில் ஒரு துணுக்கு வெட்டி அனுப்பினேன்.
இருட்டறையில் அது பச்சையாய் ஒளிர்ந்ததாம்,
கோடு கிழித்ததுபோல.
உடம்பு தன்னையே எதிரி என்று எண்ணித்
தாக்கும் நோய் என்றேன்.
பெம்பிகாய்டு.
பெயரை எழுதித் தரச் சொன்னார்.
நாலு நம்பர் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
அதைப் பர்சில் மடித்து வைத்தபோது
முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.
அவர் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும்
இவ்வளவு நீளமான நோய் வந்ததில்லை.

ஸ்டீராய்டு கொடுத்தேன்.
பத்து நாள் அடங்கியது, பிறகு இரட்டித்தது.
நானும் மருந்தை இரட்டித்தேன்.

மே மாதம். மழை.
ஜெலுத்தோங்கில் என் அறையில்
அதிகாலை இரண்டு மணிக்கு மணிக்கட்டு நமைத்தது.
புதுச் சோப்பு என்று நினைத்தேன்.
மூன்றாம் இரவு விரலிடுக்கு.
சிரங்கு பிடித்தவன் கை சும்மா இருக்காது என்பார்கள்.
என் கை சும்மா இல்லை.

கிளினிக் திறக்குமுன் கதவைச் சாத்திக்கொண்டு
உருப்பெருக்கியை என் தோலிலேயே வைத்தேன்.
பட்டர்வொர்த்துக்குப் புறப்பட்ட ஃபெரி,
அதன் பின்னே நீளும் நுரைத்தடம்.
அவ்வளவு சின்னது.
முனையில் கரும்பழுப்பு முக்கோணம்,
அதன் பின்னால் அது குடைந்த வெள்ளைப் பாதை.

கையுறை போடாமல்
கொப்புளம் கொப்புளமாய் எண்ணிப் பார்த்தது
யார் கையை என்று யோசிக்க
நேரம் பிடிக்கவில்லை.

அன்றைக்கே வரச் சொன்னேன்.
ஆறு வாரமாய் நான் பார்த்தது கொப்புளத்தை.
விரலிடுக்கை விரித்துப் பார்த்ததில்லை.
ஒரு சொட்டு எண்ணெய், கத்தியின் மொட்டை முனை,
மெல்லச் சுரண்டல், கண்ணாடிச் சில்லு.
எட்டுக் கால்.
உயிரோடு.
பக்கத்தில் மூன்று முட்டை,
மிளகுத் தூள்போலக் கழிவு.

பச்சைக் கோடும் பொய் சொல்லவில்லை.
நான்தான் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன்.

"சொறியா?"
குரலைத் தாழ்த்தி, கதவைத் திரும்பிப் பார்த்தார்.
"அப்ப அந்தப் பெரிய பேரு?"
பதில் சொல்லாமல் கேட்டேன்,
கூடப் படுப்பவர் யார்.
"யாருமில்ல. தனி ஆளுதான்.
மெத்தை மட்டும் குருங்கோட."

தேஜ் குருங், நேப்பாளி, பகல் ஷிப்ட்.
இவர் எழுந்த சூட்டில் அவர் படுப்பார்,
அவர் எழுந்த சூட்டில் இவர்.
இரண்டு வருஷமாய் ஒரே மெத்தை.
காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும்
கேட்டருகே சாவி கைமாறும்போது
தலையசைத்துக்கொள்வார்கள்.
குருங்குக்குக் கொப்புளம் இல்லை.
வெறும் அரிப்பு.
யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரே ராத்திரி இருவரும் பூச வேண்டும் என்றேன்,
கழுத்துக்குக் கீழே இம்மியிடம் விடாமல்.
துணியெல்லாம் கொதிநீரில்.
ஸ்டீராய்டை மட்டும் சட்டென்று நிறுத்தக் கூடாது,
படிப்படியாக.

முதன்முறை இருவருக்கும் ஒன்றாய் விடுப்பு.
அடுத்த வாரம் வந்து சொன்னார்:
"முதுகு எட்டல டாக்டர்.
அவன் எனக்குப் பூசினான், நான் அவனுக்கு.
அப்புறம் ரெண்டு பேரும்
காய்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தோம்.
அவனுக்கு ரெண்டு பொண்ணாம்.
இப்பத்தான் தெரியும்."

பூச்சி செத்த பிறகும்
மூன்று வாரம் அரிக்கும் என்று
அவருக்குச் சொன்னதையே
எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்.
மற்றபடி எல்லாம் பூசியாயிற்று.
தோள்பட்டைக்குக் கீழே ஓரிடம் மட்டும்
ப்ளாஸ்டிக் தோசைக் கரண்டியில் களிம்பு எடுத்து,
கண்ணாடிக்கு முதுகு காட்டி,
குத்துமதிப்பாக.